சளி பிடிக்கும், வா

அவளை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அக்கா சேர்த்துக்கொண்டார்கள். ஆள் குண்டும் இல்லை, ஊசியும் இல்லை. நடுத்தர உடம்பு, நடுத்தர வயது. பேருந்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாலும் இறங்கும்போது முகம் மறந்துபோகிற ரகம். பெயர் வாயால் வந்தது. அந்த வாயில் எப்போது பார்த்தாலும் ஒரு வரிசைக் குண்டூசி, தலை வெளியே, கூர் உள்ளே, சின்ன வேலி மாதிரி நிற்கும்.

அவள் வேலை என்னவென்று தெரிய வேண்டுமானால் ஒரு ஃபேஷன் பத்திரிகையைப் புரட்டுங்கள். ஒரு பெண் கவுன் போட்டுக்கொண்டு, உலகத்தில் தனக்கு ஒரு கவலையும் கிடையாது என்று நிற்கிறாள். கவுன் உடம்பில் வார்த்து ஊற்றிய மாதிரி இருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் இப்படி அமைவதில்லை என்று கண்ணாடி முன்னால் நின்று பெருமூச்சு விட்டவர்கள் ஊரில் பாதிப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லாத சமாச்சாரம் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணைத் திருப்பிப் பார்த்தால் முதுகு முழுக்கக் கிளிப். துணி காயப்போடுகிற கிளிப், காகிதம் கட்டுகிற கறுப்புக் கிளிப், நடுநடுவே குண்டூசி. முன்னால் ராணி, பின்னால் முதலை. அந்த முதலையைச் செய்பவள் இவள்.

இரண்டு கையும் துணியில் இருக்கும். வாயில் ஊசி இருக்கும். அப்புறம் பேசுவது எப்படி? அதற்கென்று ஒரு மொழி வைத்திருந்தாள். 'ம்' என்றால் சரி. 'ம்ம்' என்றால் திரும்பு. 'ம்ஹும்' என்றால் மூச்சை உள்ளே இழு. கோபமாக ஒரு நீண்ட 'ம்ம்ம்' வந்தால், யாரோ அவளுடைய துணிக் கத்தரிக்கோலை எடுத்துக் காகிதம் வெட்டுகிறார்கள் என்று பொருள். ஸ்டூடியோவில் எல்லோருக்கும் இந்த மொழி அத்துப்படி. அவளிடமிருந்து முழுசாக வருகிற வாக்கியம் ஒன்றே ஒன்றுதான், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டே சொல்லிவிடலாம்: "ஆடாம நில்லு."

வீட்டில் ஒருத்திக்கும் இந்த மொழி நன்றாகப் புரிந்தது. ஆனால் பிடிக்கவில்லை. அந்த ஒருத்தி மகள்.

ஸ்டூடியோ வேலை முடிந்தால் வீட்டில் அக்கம்பக்கத்து வேலை. பிடித்துத் தைக்க வேண்டிய ரவிக்கை, நீளம் குறைக்க வேண்டிய பேன்ட், ஆள் பெருத்து உடை மட்டும் அப்படியே இருந்துவிட்ட கதைகள். பிள்ளை முழங்காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். பல்லிக்கு வால் திரும்ப முளைக்குமே, பல்லு முளைக்குமா? நாளைக்கு நீ ஸ்கூலுக்கு வருவியா? அந்தப் பிள்ளை என்னோடு பேச மாட்டேன் என்கிறாள், நான் என்ன செய்யட்டும்? எல்லாவற்றுக்கும் 'ம்'. பல்லிக்கும் 'ம்', பள்ளிக்கூடத்துக்கும் 'ம்', உடைந்துபோன சிநேகத்துக்கும் 'ம்'. சின்ன அளவுச் சட்டை வந்தால் பிள்ளையையே நிற்கவைத்து மாட்டி ஊசி குத்துவாள். அப்போது மட்டும் பேச்சு வரும். ஆடாம நில்லு.

ஒரு விதிவிலக்கு இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரம். ஈரக் கையோடு ஊசியைத் தொட்டால் துருப்பிடிக்கும் என்று ஊசி எல்லாம் தகர டப்பாவுக்குப் போய்விடும், வாய் காலியாகிவிடும். குளித்ததும் சட்டை போடாமல் வீடு முழுக்க ஓடுகிற பிள்ளைகளைப் பிடிப்பதற்கென்றே இருக்கிற பழைய பாட்டு ஒன்றை அப்போது பாடுவாள். அந்த ஊரில் எல்லா அம்மாக்களும் பாடுவதுதான்.

தும்பி தும்பி, சட்டை எங்கே?
காத்து வாங்கிப் போச்சு.
காத்தே காத்தே, சட்டை எங்கே?
கடலுக்குக் கொடுத்தாச்சு.
கடலே கடலே, சட்டை எங்கே?
மேகம் கேட்டு வாங்கிச்சு.
மேகமே மேகமே, சட்டை எங்கே?
மழையாக் கிழிஞ்சு போச்சு.

இத்தோடு முடிந்தது பாட்டு. பழைய பாட்டு கட்டியவர்களுக்கு இரக்கம் கிடையாது. குழந்தைக்குச் சட்டை கிழிந்துபோனதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மகள் முதல் தடவை இதைக் கேட்டுவிட்டு விக்கி விக்கி அழுதாள். அப்ப தும்பி என்ன போட்டுக்கும்? குண்டூசி யோசித்தாள். கொடியில் அவளுடைய பழுப்பு நிறச் சால்வை கிடந்தது. அதை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததைப் பாட்டில் சேர்த்தாள்.

கிழிஞ்சா என்ன, வாடி தும்பி,
சால்வைக்குள்ளே வா.
சளி பிடிக்கும், வா.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஜலதோஷக் குரலில் அந்தக் கடைசி வரியைச் சொல்வாள். பிள்ளை கெக்கலித்துக்கொண்டு ஓடிவந்து சால்வைக்குள் புகுந்துவிடுவாள். அந்த வரி வேறு எந்த வீட்டிலும் இல்லை. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த வரி.

வீட்டுக்காரர் வீட்டுத் தரகர். பேச்சையே முதலாகப் போட்ட தொழில். இடிந்த சுவரைக் காட்டிக் காற்றோட்டம் என்று சொல்லி விற்றுவிடுவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. பேசாத மனைவியோடு பேசி அலுத்துப்போன மனிதர், அவ்வளவுதான். இருவரும் பிரிவதென்று ஆனது. யாரிடம் இருக்கிறாய் என்று நீதிபதி பிள்ளையிடம் இதமாகத்தான் கேட்டார், மிட்டாய் கூடக் கொடுத்தார். பிள்ளை மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்துச் சொன்னாள்: "அப்பாகிட்ட. அப்பா பேசுவாரு."

அன்றைக்குக் குண்டூசியின் வாயில் ஊசி எதுவும் இல்லை. இருந்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இனி மகள் பெரியவளானது. வாரம் ஒரு நாள் பார்க்கலாம் என்று தீர்ப்பில் இருந்தது. அந்த வாரம் மாதமாயிற்று. மாதம் பரீட்சைக்குப் பரீட்சை தள்ளிப்போயிற்று. அப்புறம் யாரும் தள்ளிப்போடக்கூட இல்லை. தரகர் வீடு மாறினார், தொழில் அப்படி. மகள் படித்து முடித்து ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்தாள். இதெல்லாம் குண்டூசிக்கு நாத்தனார் வழியாகத்தான் வந்து சேரும். புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்கிற தீர்ப்பு எங்கேயும் உண்டு, நாத்தனாரைப் பிரிக்கிற தீர்ப்பை எழுத இன்னும் எந்த நீதிபதிக்கும் துணிச்சல் வரவில்லை. அண்ணி அண்ணி என்று இன்னும் கூப்பிடுவாள், அண்ணன் வீட்டில் நடப்பதை ஒன்று விடாமல் சொல்வாள், சொல்லிவிட்டு நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள் என்பாள்.

ஒரு முறை குண்டூசி அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாள். கையில் ஒரு பை, அதில் தானே தைத்த சட்டை. அளவு தெரியாது, குத்துமதிப்பாகத் தைத்தது. மற்றவர்கள் உடம்பையெல்லாம் கண்ணாலேயே அளந்துவிடுகிறவளுக்குத் தன் மகள் உடம்பைப் பார்க்க வாய்ப்பே இல்லை. மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. மேசைக்கு வந்த எல்லோரிடமும் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"இங்க சும்மா வந்து நிக்காதீங்க. பல் வலின்னா வாங்க."

வாங்க. நீங்க. 'நீ வா, நீ போ' என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய பிள்ளை, மரியாதை கொடுத்துவிட்டாள். குண்டூசி வாழ்க்கையில் எத்தனையோ ஊசி குத்துப்பட்டவள். இந்த மரியாதை மாதிரி எதுவும் குத்தியதில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சொன்னபடி அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அவளுக்குப் பல் வலி இல்லை. நூலைக் கடித்துக் கடித்து, ஊசியைக் கவ்விக் கவ்வி முன்பல் ஒன்று ஓரத்தில் தேய்ந்து பிசிறு தட்டியிருந்தது, அதுவும் வலிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாத்தனாருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி அந்த ஆஸ்பத்திரிக்கே போனாள். திரும்பி வந்து, வாய் ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தும் ஃபோன் செய்து எல்லாம் சொன்னாள். மகள் இளைத்திருக்கிறாள், முடி வெட்டியிருக்கிறாள். ஆமாம், அங்கே வருகிறவர்கள் உட்காரும் மேசையில் உங்கள் பத்திரிகைதான் போட்டிருக்கிறார்கள் அண்ணி. கூட்டம் இல்லாதபோது அவளே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குண்டூசி அன்றைக்கு ஊசியை விழுங்கியிருப்பாள், மயிரிழையில் தப்பியது.

அந்தப் பத்திரிகைக்குப் படம் எடுப்பது இவளுடைய ஸ்டூடியோதான். ஸ்டூடியோ என்று சொல்வது பெருமைக்கு. முன்பு டயர் கிடங்காக இருந்த இடம், வெயில் ஏறினால் ரப்பர் வாசனை எழும்பும். படங்களுக்கு யோசனை சொல்கிறவரைக் கான்செப்ட் சார் என்பார்கள். எந்தப் பருவத்திலும் கறுப்புச் சட்டைதான் போடுவார். போன மாதம் அவருடைய கான்செப்ட் விண்வெளி. அதற்கு முந்திய மாதம் மௌனம், அதில் எல்லா மாடல்களும் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்கள். இந்த மாதம் வேர்கள். நாம் நம் வேர்களுக்குத் திரும்ப வேண்டும், பாரம்பரியத்தை மாற்றக் கூடாது, ஒரு பழைய குழந்தைப் பாட்டை எடுத்து அதன்மேல் ஒரு ஃபேஷன் ஷூட் கட்ட வேண்டும் என்று கூட்டம் போட்டார்.

எல்லோரும் யோசித்தார்கள். ஒருவர் நிலா என்றார். நிலாவை எத்தனை பேர்தான் கூப்பிடுவார்கள், அதற்கே அலுத்திருக்கும் என்று தள்ளிவிட்டார்கள். படம் பிடிப்பவர், அவரை லைட்டு என்பார்கள், நாலு சுவருக்குள் விளக்குப் போட்டு எடுத்தாலும் லைட் போகுது, லைட் போகுது என்று பறக்கிறவர், அவர் யானை பாட்டு ஒன்றைச் சொன்னார். யானைக்கு யார் கிளிப் போடுவது என்று யாரோ கேட்டதும் எல்லோரும் குண்டூசியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் கையில் குத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பேசப்போகிறாள் என்பது அங்கே ஒரு செய்தி. தும்பி பாட்டைச் சொன்னாள். முழுசாகச் சொன்னாள், தன்னுடைய வரிகளையும் சேர்த்து.

கான்செப்ட் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காற்று, கடல், மேகம், மழை, கடைசியில் சால்வை. ஐந்து படம். ஐந்து உடை. ஆடையை இழக்கிற உயிர், ஆடைக்கே திரும்புகிறது. இதில் தத்துவம் இருக்கிறது என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டிய பாட்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அந்தந்த வரியை அச்சடிப்பது என்றும் முடிவாயிற்று. ஒரு வரியில்தான் அவருக்கு முகம் சுளித்தது.

"அந்தச் சளி மட்டும் வேண்டாமே. சாரல்னு போட்டுடலாம். 'சாரல் அடிக்கும், வா.' நல்லாத்தானே இருக்கு?"

"சளிதான் சார்."

"படிக்கிறவங்க காபி குடிச்சுக்கிட்டே படிப்பாங்கம்மா."

"பாட்டுல அப்படித்தான் இருக்கு. ரொம்பப் பழைய பாட்டு. பாரம்பரியத்த நாம மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவள் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. கான்செப்ட் சாரே, பாரம்பரியத்தில் சளி இருந்தால் நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார். ஒரு அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டிய வரி, அந்த இடத்திலேயே முன்னோர் சொத்தாகிவிட்டது. நம் பாரம்பரியத்தில் இன்னும் எத்தனை சமாச்சாரம் இப்படி வந்து சேர்ந்ததோ, கிளறாமல் இருப்பது நல்லது.

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். சால்வை எந்த வீட்டிலும் இருக்கும். சாரல் எந்தக் கவிதையிலும் அடிக்கும். பல் ஆஸ்பத்திரி மேசையில் பத்திரிகையைப் புரட்டுகிற ஒருத்தி, ஃபேஷன் பக்கத்தில் சளியைப் பார்த்தால் மட்டும்தான் நிமிர்ந்து உட்காருவாள். நிமிர்ந்து உட்கார்ந்தால் யோசிப்பாள். யோசித்தால் ஒரு ஃபோன். அதற்கு மேல் அவள் ஆசைப்படவில்லை.

வேலை தொடங்கியது. சுவரில் ஐந்து தாள் ஒட்டினார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படத்தின் கோட்டுச் சித்திரம். காற்றுக்கு ஒரு பெரிய மின்விசிறி. கடலுக்கு நீல லைனிங் துணி, தரை முழுக்க. மேகத்துக்குப் பழைய தலையணைகளைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டியதில் கிடங்கே தும்மியது. சளி வேண்டாம் என்ற கான்செப்ட் சார்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார். மழைக்கு வெள்ளைத் துணியை நாடா நாடாவாகக் கிழித்து மேலேயிருந்து தொங்கவிட வேண்டும். வெட்டிவிடலாமே என்றார் லைட்டு. ம்ஹும் என்றாள். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வாய் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம், ஓரம் முழுக்க நூல் பிரிந்து ஆடியது. வெட்டின ஓரம் நறுவிசாக இருக்கும். கிழித்த ஓரத்தில்தான் நடந்தது தெரியும்.

ஐந்தாவது படத்துக்குச் சால்வை வேண்டும். கடைகளிலிருந்து பளபளப்பாக நிறைய வந்தன. அவள் எதையும் எடுக்காமல், வீட்டு அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். இது ரொம்ப ஆர்கானிக் என்று கான்செப்ட் சார் மகிழ்ந்தார்.

எடுக்கும் நாள் வந்தது. தும்பியாக வந்த பெண் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். உடைகள் வழக்கம்போல வேறு யாருக்கோ தைத்தவை. குண்டூசி அவள் முதுகில் முதலை செய்து செய்து அனுப்பினாள். காற்று நன்றாக வந்தது, கடல் நன்றாக வந்தது, மேகம் தும்மலோடு வந்தது, மழை அழகாகவே வந்தது. ஐந்தாவதுக்கு அம்மாவாக இன்னொரு மாடல் தயாராக நின்றாள், அவள் முதுகிலும் கிளிப். அம்மா கேமராவைப் பார்த்துச் சால்வையை விரிக்க வேண்டும், தும்பி ஓடிவந்து உள்ளே புக வேண்டும்.

தும்பி ஓடினாள். லைட்டு கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அக்கா, முதுகு தெரியுது."

ஓடுகிற தும்பி கேமராவுக்கு முதுகைக் காட்டித்தானே ஓட வேண்டும். வரிசையாகக் கறுப்புக் கிளிப்பும் மரக் கிளிப்புமாக, பிடித்துப் போட்ட முதலை ஒன்று அம்மாவிடம் தப்பி ஓடுவதுபோல இருந்தது. சரி, திருப்பி நிறுத்தலாம், தும்பி முகம் கேமராவுக்கு. அப்போது அம்மாவின் முதுகு. அங்கேயும் கிளிப். இரண்டு பேர் கட்டிக்கொண்டால் ஒருத்தர் முதுகு தெரியும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வாழ்நாளெல்லாம் முதுகையே பார்த்து வேலை செய்தவளுக்கு அது தோன்றவில்லை. சுவரில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்த நாளெல்லாம் அவள் அதில் ஒரு அம்மாவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

எல்லோரும் விழித்துக்கொண்டு நின்றபோது லைட்டுதான் சொன்னார். "அக்கா, இந்த ரூம்ல பின்னாடி கிளிப் இல்லாத ஒரே ஆள் நீங்கதான். சால்வையப் போட்டுட்டு நில்லுங்க. முகம் விழாது."

அப்படித்தான் அவள் படத்துக்குள் போனாள். வாயிலிருந்த ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டாள். கேமராவுக்கு முதுகைக் காட்டிச் சால்வையை விரித்தாள். மழைத் துணிக்கெல்லாம் தண்ணீர் தெளித்திருந்ததால் அந்த ஈர்க்குச்சிப் பெண் நிஜமாகவே நடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். வந்து புகுந்தாள். யாரோ பெற்ற பெண். சால்வையில் அந்துருண்டை வாசனை அடிக்குது அக்கா, எங்க வீட்டு பீரோ மாதிரி இருக்கு என்று முணுமுணுத்தாள். குண்டூசி அவள் ஈரத் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டு அந்த வரியைச் சொன்னாள். மூக்கைப் பிடிக்காமலேயே குரல் அப்படித்தான் வந்தது. லைட்டு அன்றைக்கு முதல் தடவையாக லைட் போகுது என்று சொல்ல மறந்தார்.

பத்திரிகை வந்தது. ஐந்தாவது படம் முழுப் பக்கம். பழுப்புச் சால்வை, அதன் மேலே ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் அந்த வரி, சளியோடு. அடியில் பொடி எழுத்தில், 'சால்வை: சொந்தப் பொருள்.'

குண்டூசி காத்திருந்தாள். ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள், துணியைப் பிடிக்கும்போது ஸ்டூல் மேல் வைத்தாள், குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே வைத்தாள். கடன்காரர்கள்கூட அவளை அவ்வளவு சீக்கிரம் பிடித்துவிடலாம் என்று இருந்தது. நாட்கள் போயின. அடுத்த மாதக் கான்செப்டும் வந்துவிட்டது, இந்தத் தடவை உலோகம்.

உலோக கவுன் ஒன்று, வழுக்குகிற துணி. பீடத்தில் நிற்கிற மாடலின் இடுப்பில் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விட்டால் அரை மணி நேர வேலை போய்விடும். வாய் நிறைய ஊசி. ஸ்டூல் மேலிருந்த ஃபோன் அடித்தது. நான் எடுக்கவா அக்கா என்று மாடல் கை நீட்டி எடுத்து, குனிந்து, அவள் காதில் வைத்தாள்.

"நான்தான்."

அந்தக் குரலுக்கு யார் என்று கேட்க வேண்டியதில்லை.

"ம்," என்றாள் குண்டூசி.

"புத்தகம் பாத்தேன்."

"ம்."

"அந்தச் சளி... அது நீ போட்டதுதானே?"

நீ. நீங்க இல்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, நீ. அவள் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் வாயில் ஊசி இருந்தால் அழுகிற 'ம்'முக்கும் அழாத 'ம்'முக்கும் வித்தியாசம் தெரியாது.

"ம்."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

"இப்பவாவது வாயத் திறந்து ஏதாவது சொல்லேம்மா."

திறந்தாள். திறந்த வாயிலிருந்து ஊசி எல்லாம் கொட்டியது, பாதி தரையில், பாதி மாடலின் முதுகுக்குள். அவள் வீலென்று துள்ளினாள். துணி நழுவியது. குண்டூசியின் கை தானாக இறுக்கிப் பிடித்தது. திறந்திருந்த வாய், கேட்காமலேயே, தான் காலமெல்லாம் பழகிய ஒரே வாக்கியத்தைச் சொன்னது.

"ஆடாம நில்லு."

மாடல் ஆடாமல் நின்றாள். காதிலிருந்த ஃபோனிலும் சத்தம் நின்றது. மகள் துண்டித்துவிட்டாள்.

அப்புறம் அவள் துணியை விட்டாள். ஃபோனைப் பிடுங்கித் திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இல்லடி, உன்னைச் சொல்லல, உன்னைச் சொல்லல என்று அடித்துக்கொண்டிருந்த மணியிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். லைட் போகுது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கீழே குனிந்து ஊசிகளைப் பொறுக்கினாள். முதலையை மறுபடி முதலிலிருந்து செய்தாள். அன்றைய படம் ரொம்ப நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். முன்பக்கம்தானே.

நாத்தனாரை அனுப்பிப் பார்த்தாள். நாத்தனார் போய்வந்து அப்படியே ஒப்பித்தாள். "வாயில ஊசி இருந்துச்சாம்டின்னு சொன்னேன் அண்ணி. 'எப்பவுந்தான் இருந்துச்சு அத்தை'ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டா."

இப்போது குண்டூசி வாயில் ஊசி வைப்பதில்லை. மணிக்கட்டில் ஒரு சின்னப் பஞ்சுத் திண்டு கட்டிக்கொண்டு அதில் குத்திவைக்கிறாள். பெயர் மட்டும் பழைய பெயர். வாய் காலியாக இருப்பதால் நிறையப் பேசுவாள் என்று ஸ்டூடியோவில் எதிர்பார்த்தார்கள். பேசவில்லை. ஃபோன் அடித்தால் மட்டும், யார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே, சொல்லும்மா என்கிறாள். மின்சாரக் கட்டணம் கேட்கிறவர்கள்கூட ஒரு கணம் தடுமாறிப்போகிறார்கள்.

போன வாரம் நாத்தனார் இன்னொரு பல்லைக் காட்டப் போய்விட்டு வந்து பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அந்தப் பத்திரிகை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அந்தச் சால்வைப் பக்கத்தை மட்டும் காணோம். டாக்டர் யார் கிழித்தது என்று சத்தம் போட்டாராம். வந்த பேஷண்டோட குழந்தை கிழிச்சிடுச்சு சார் என்று மகள்தான் சொன்னாளாம்.

குண்டூசி ஃபோனை மற்ற காதுக்கு மாற்றினாள்.

"ஓரம் எப்படி இருந்துச்சு? கையால கிழிச்சதா, கத்தரியால வெட்டினதா?"

"அதை யாரு பாத்தா அண்ணி? பக்கம் இல்ல, அவ்வளவுதான்."

"மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்குமே. நேரா இருந்துச்சா, பிசிறா இருந்துச்சா?"

"பல்லு புடுங்கின வலியில நான் இருந்தேன்," என்று நாத்தனார் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

அந்த ஓரத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், எடுத்தது குழந்தையா, மகளா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் சும்மா வந்து நிற்கக் கூடாது. பல் வலி என்றால்தான் வரலாம். அது சொல்லப்பட்ட வார்த்தை, அதை அவள் மீறியதில்லை. காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறக்கிறாள். தேய்ந்த முன்பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிறாள். விரலால் அழுத்துகிறாள். குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிசிறு பெரிதாகிக்கொண்டு வருகிறது, இன்னும் வலிக்கவில்லை.

வலி வரட்டும் என்று காத்திருக்கிறாள்.